துளை விலகிய தட்டு

உங்கள் வீட்டில் இறந்துபோன யாருடைய குரலாவது உங்களிடம் இருக்கிறதா? போட்டோவைக் கேட்கவில்லை. குரல். இருந்தால் இன்னொன்றும் கேட்கிறேன். அதைப் போட்டுக் கேட்கும்போது, இது முழுக்க அவர்கள் குரல்தானா, இல்லை அதைப் பிடித்து வைத்திருக்கிற பொருளின் கோளாறும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று என்றைக்காவது சந்தேகப்பட்டிருக்கிறீர்களா?

இதை நான் ஷார்ஜாவில் இருந்து எழுதுகிறேன். அறையில் கூட இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. விருதுநகரில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் தாய்மாமா பீர் முகைதீன் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். 2004-ல் நான் அங்கே வேலை பார்த்தேன். ரிப்பேருக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் வேறொரு வியாபாரம் சூடு பிடித்திருந்தது. ஊர் ஊராகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர்கள் எல்லாம் சி.டி.க்கு மாறிவிட்டு, பழைய இசைத்தட்டுகளைச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். மாமா அவற்றை மொத்தமாக வாங்கிக் கழுவித் துடைத்து, சென்னையில் இருந்து தேடி வருகிறவர்களுக்கு விற்றார். கழுவுவதும் போட்டுக் கேட்டுத் தரம் பிரிப்பதும் என் வேலை.

ஒரே பாட்டுத் தட்டு இரண்டு இருந்தால் இரண்டும் ஒன்றில்லை. அந்தக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அச்சு புதிதாக இருக்கும்போது அடித்த தட்டில் பாடுகிறவர் பக்கத்தில் நின்று பாடுவார். அதே அச்சு தேய்ந்த பிறகு அடித்ததில் 'ச' வருகிற இடமெல்லாம் சீறும். கழிவைத் திரும்ப உருக்கி அடித்திருந்தால் பாட்டு முழுக்க அப்பளம் பொரிகிற சத்தம். அடிக்கும்போது உள்ளே காற்றுக்குமிழ் மாட்டியிருந்தால் சுற்றுக்கு ஒரு 'டொக்'.

எல்லாவற்றையும்விட மோசம் நடுத்துளை விலகுவது. துளை மயிரிழை தள்ளி விழுந்தாலும் போதும், தட்டு சுற்றும்போது ஊசிக்கை தொட்டில் மாதிரி உள்ளேயும் வெளியேயும் ஆடும். சுருதி ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும்.

மாமா இதை 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வார்த்தையே போதும். சிவகாசியில் காலண்டர் அடிக்கும்போது ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றுவார்கள். ஒரு கலர் கொஞ்சம் விலகினாலும் அம்மனுக்கு உதடு கன்னத்தில் போய் உட்காரும். அந்தத் தாள் எல்லாம் வேஸ்ட் கட்டுக்குப் போகும்.

இருளம்மாள் முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆமத்தூர்க்காரர். ஐம்பதைத் தாண்டிய வயது. வாரம் முழுக்க கம்பெனி வேனில் போய்ப் பட்டாசு யூனிட்டில் வேலை செய்கிறவர். விரல் ரேகையில் அலுமினியப் பவுடர் ஏறி, கை வெள்ளி பூசினது மாதிரி மினுங்கியது. மஞ்சள் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்தார். துண்டுக்குள் ஒரு சின்ன இசைத்தட்டு இருந்தது.

"பாய், இதப் போட்டுக் காட்ட முடியுமா? எங்கிட்ட மிசின் இல்ல."

"உக்காருங்க தாயி. போடுறதுக்குத்தான மிசின் வச்சிருக்கோம்" என்றார் மாமா. "ஏலே சாபிர், அம்மாவுக்கு டீ சொல்லு."

ஊதா நிற லேபிள். ஆமத்தூர் அம்மன் கோயில் பாட்டுகள். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு முதலாளி (ஆமத்தூர்தான் அவருக்குக் குலசாமி ஊர்) ஊர்ப் பிள்ளைகளை மதுரைக்கு அழைத்துப் போய்ப் பாட வைத்துப் பம்பாயில் தட்டாக அடித்து வாங்கியது. பக்கத்துக்கு இரண்டு பாட்டு. முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டுக்கு நேராகக் குமாரி பாண்டிச்செல்வி என்று போட்டிருந்தது.

"ரெண்டாவது பாட்டு தம்பி. எம் மக."

ஊசியை வைத்தேன். வைத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊசிக்கை ஆடியது. முதலில் ஆர்மோனியம். அதன் பிறகு ஒரு சிறுமியின் குரல்.

*கரிசக் காடு காயுதம்மா, கண்ணத் தொறந்து பாரு தாயே,
மழையக் கொண்டு வா தாயே, மனசெறங்கி வா தாயே.*

நல்ல குரல். பயமில்லாத குரல். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கியது. தேம்பித் தேம்பிப் பாடுவது போலவே இருந்தது. இருளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்தது. துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். கதை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

பாண்டிச்செல்விக்கு அப்போது பத்து வயது. அந்தக் காலத்தில் பிள்ளைகளும் அம்மாவோடு யூனிட்டுக்குப் போனார்கள். பாட்டுப் பதிவுக்குப் போகிற அன்று காலை, பிள்ளையின் கையில் இருந்த வெள்ளிப் பவுடரைப் போக்க இருளம்மாள் தேங்காய் நாரை மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்தார். காலண்டர் முதலாளி வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து போகிற கார். கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். தோல் உரிந்து எரிந்தது. பிள்ளை கையை இழுத்துக்கொண்டு கத்தியது. இருளம்மாள் கன்னத்தில் ஒன்று வைத்தார். கார் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அந்தத் தட்டு பம்பாயில் இருந்து வந்து சேரும் முன்பே யூனிட்டில் ஒரு அறையில் தீப்பிடித்தது. பாண்டிச்செல்வி இருந்த அறை அது. போட்டோ எடுத்து வைத்திருக்கவில்லை.

"ஆடிப் பொங்கலுக்குக் கோயில் வேப்பமரத்துல கொழா ஸ்பீக்கர் கட்டி இந்தத் தட்டப் போட்டாக" என்றார். "நான் வீட்டுக்குள்ள கெடந்தேன். எம் புள்ள அந்த மரத்து மேல இருந்து அழுதா. ஊரே கேட்டுச்சு. காலைல வாங்குன அடிய சாயங்காலம் வரைக்கும் மனசுல வச்சிருந்துருக்கா. பிறவு ஒரு தடவகூடப் போடல. எங்கூரு மைக்செட்டுக்காரரு ஊர்க்காவலன் போன வருசந்தான் யாவாரத்த விட்டாரு. அப்ப இந்தத் தட்ட எங்கிட்டக் குடுத்தாரு."

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இத்தனை வாரமும் இதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"தம்பி, நீங்க தட்டெல்லாம் பாக்குறவுக. சொல்லுங்க. எல்லாத் தட்டுலயும் அழுவுறாளா, இல்ல இதுல மட்டுந்தானா?"

நான் சட்டென்று பதில் சொன்னேன். "யம்மா, அது அழுக இல்ல. தட்டுல நடுத்தொள வெலகியிருக்கு. அதான் அப்பிடிக் கேக்குது."

தட்டைத் திரும்பப் போட்டேன். "ஊசிக் கையப் பாருங்க. ஆடுதா? இப்ப ஆர்மோனியத்த மட்டும் கேளுங்க. அதும் சேந்து அழுவுதுல்ல? ஆர்மோனியம் அழுவுமா?"

கேட்டார். "புள்ள தேம்பித் தேம்பிப் பாடுனா வாசிக்கிறவருக்குக் கை நடுங்காதா தம்பி?"

மாமா சிரித்துவிட்டார். "ஏலே, இதுக்குப் பதில் சொல்லுடா பாப்போம்."

நான் தட்டை நிறுத்தினேன். "வேற தட்டு ஒண்ணு தேடித் தாரேன்மா. எல்லாத் தட்டுலயும் தொள வெலகியிருக்காது. நேரா விழுந்த தட்டு ஒண்ணு கெடைச்சா உங்களுக்கே தெரிஞ்சிரும்."

"அழலன்னு தெரிஞ்சாப் போதும் தம்பி. பிறவு நான் கேக்கக்கூட வேண்டாம்" என்றார்.

ஆடி முடிந்து ஆவணியும் முடிந்தது. சாக்குகளை எல்லாம் புரட்டினேன். ஏழாயிரம்பண்ணையில் ஒரு ரேடியோ செட்டுக்காரர் செத்துப்போய், அவர் மகன் எல்லாவற்றையும் எடைக்குப் போடப் போவதாகச் செய்தி வந்தது. மாமா வேன் பிடித்துப் போய் அள்ளிக்கொண்டு வந்தார். அந்தக் குவியலில் இருந்தது. அதே ஊதா லேபிள், அதே அம்மன், அதே குமாரி பாண்டிச்செல்வி.

சுற்ற விட்டேன். ஊசிக்கை அசையாமல் நின்றது. குரல் நேராக வந்தது. ஒரு நடுக்கம் இல்லை. லேபிளுக்கும் பாட்டு முடிகிற கோட்டுக்கும் நடுவே உள்ள வழுவழுப்பில் கம்பெனிக்காரர்கள் ஒரு எண் கீறியிருப்பார்கள். இதில் அந்த எண்ணின் கடைசி இலக்கம் வேறாக இருந்தது. மாமாவிடம் காட்டினேன்.

"மொத அச்சு தேஞ்சுருக்கும். புது அச்சு போட்டுருப்பான்" என்றார். "ரெண்டாவது அடிப்புன்னா சென்னைக்காரன் வாங்க மாட்டான். அந்த அம்மாவுக்கு என்னத்துக்கு மொதலு ரெண்டு. குடு."

அந்த ஞாயிறு இருளம்மாள் மகன் பாண்டிராஜோடு வந்தார். பாண்டிராஜ் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன், இருபத்திரண்டு வயது. அக்கா போகும்போது கைக்குழந்தை. அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அம்மா சொன்னது மட்டும்தான்.

"கெடைச்சிருச்சும்மா" என்றேன். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். லேபிளில் பேரைப் பாண்டிராஜ் வாசித்துக் காட்டினான். இருளம்மாள் பேரின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

போட்டேன். ஆர்மோனியம் நேராக வந்தது. குரல் நேராக வந்தது. பாண்டிராஜ் அம்மாவின் தோளைத் தொட்டான். "பாத்தியாம்மா, அழல."

இரண்டாவது அடி வந்தது. *மழையக் கொண்டு வா தாயே.*

இருளம்மாள் தலையைத் தூக்கினார். "யாரு இந்தப் புள்ள?"

"உங்க மகதாம்மா. பேரு இருக்குல்ல."

"பேரு இருக்கும். எம் புள்ளைக்கு இப்பிடி வராது தம்பி. அவ 'மளை'ம்பா. நாங்க எல்லாரும் 'மளை'ன்னுதான் சொல்வோம். இது பள்ளிக்கூடத்துக்குப் போன புள்ள."

ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தேன். *மழையக் கொண்டு வா.* நாக்கு மடிந்து, சுத்தமான 'ழ'. பழைய தட்டைப் போட்டேன். ஆட்டத்துக்கு நடுவே, *மளையக் கொண்டு வா.* நானும் விருதுநகர்க்காரன். நானும் 'மளை' என்று சொல்கிறவன்தான். அதனாலேயே என் காதுக்கு இரண்டும் ஒன்றாகப் பட்டிருக்கிறது. தட்டைத் தரம் பிரிக்கிற காது அது.

மாமா போனை எடுத்து ஆமத்தூருக்கு, ஊர்க்காவலனுக்குப் போட்டார். ஊர்க்காவலன் காலமெல்லாம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பேசியவர். ரிசீவரை மாமா காதில் வைத்திருந்தாலும் கடை முழுக்கக் கேட்டது.

"அதுவா பாய்! அந்த ஆடில கொழாய்ல போட்டதும் சனம் அரண்டு போச்சுல்ல. எரிஞ்சு போன புள்ள சாமி கொழாய்ல அழுவுது, ஊருக்கு ஆகாதுன்னு கூட்டம் போட்டுட்டாக. மொதலாளி என்ன செஞ்சாரு, வாத்தியார் மகளக் கூட்டிட்டுப் போயி அதே பாட்டப் பாட வச்சு மறுபடி அடிச்சாரு. மொத லாட்டு அம்புட்டும் குப்பைக்குப் போச்சு. நான் ஒண்ண எடுத்து ஒளிச்சு வச்சேன். மனசு கேக்கல பாய்."

"பேரு அதேதான வே இருக்கு?"

"லேபிளு அவரு பிரஸ்ல அடிச்சது. கட்டுக் கட்டா மிச்சம் கெடந்துச்சு. அதையே போடச் சொல்லிட்டாரு. எங்கூர்ல அதையும் போட விடல, வெளியூருக்குத்தான் போச்சு; அங்க பேர வாசிக்கிறது யாரு?"

மாமா போனை வைத்தார்.

"பாட்ட எடுத்துட்டுப் பேர மட்டும் விட்டுட்டாகளாக்கும்" என்றார் இருளம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எம் புள்ள பாடுனது இது ஒண்ணுதான் இருக்கா?"

"ஆமாம்மா."

"இதுல அழுவுறா."

"அழுகலம்மா" என்றான் பாண்டிராஜ். பழைய தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். சட்டைப் பையில் இருந்து பிரஸ்ஸில் கலர்ப் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்து நடுத்துளையின் மேல் வைத்தான். "சாபிர் அண்ணே, ரிஜிஸ்டர் அவுட்டுத்தான். நல்லாத் தெரியுது. இந்தப் பக்கமாத் தள்ளி விழுந்துருக்கு. தொளய ஒரு பக்கம் அராவி நடுவுக்குக் கொண்டு வந்துட்டா?"

அப்படிச் செய்வது உண்டு. மாமாவே சில தட்டுகளுக்குச் செய்திருக்கிறார். ஆனால் இந்தத் தடவை அவர் தயங்கினார்.

"ஏலே, நீ சாமிக்கு உதட்டக் கன்னத்துல அடிக்கிற ஆளு. நீ அரத்தத் தூக்குறியா?"

"எங்க மிஷின்ல ஒரு உதடு வெலகட்டும் பாய், சம்பளத்த விட்டுட்டு வந்துருதேன்."

"சம்பளம் கெடக்கட்டும். இருக்கிறது ஒரே தட்டு. அரத்த வச்சா வச்சதுதான். அம்புட்டுத் தூரம் போகணுமா? தாயி, நீங்க சொல்லுங்க. இப்ப இருக்கிற மாதிரியே வச்சுக்கிட்டா, தொளதான் காரணம்னு நெனச்சுக்கிடலாம்."

மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

"நெனச்சுக்கிடுறது வேண்டாம் பாய்" என்றார் இருளம்மாள். "தெரியணும். அராவச் சொல்லுங்க."

மிஷினைக் கடை வாசலுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் வைத்தோம். நான் தட்டைச் சுற்ற விட்டேன். பாண்டிராஜ் ஊசிக்கையின் ஆட்டத்தைக் குனிந்து பார்த்து, ஆட்டம் அதிகமான இடத்தில் லேபிளில் பென்சிலால் கோடு போட்டான். பிறகு தட்டை மடியில் துணி விரித்து வைத்து, மெல்லிய வட்ட அரத்தை எடுத்தான். நாலு இழுப்பு இழுத்துவிட்டு லென்ஸில் பார்ப்பான். தூளை ஊதுவான். திரும்ப இழுப்பான். லேபிளில் அவள் பேருக்குப் பக்கத்தில் கொஞ்சம் உரிந்தது. அதைப் பார்த்ததும் அவன் கை நின்றது. பிறகு அரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

மாமா டீ வாங்கி வரச் சொன்னார். டீ ஆறியது. இருளம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துளை இப்போது தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. மிஷினின் நடுக்கம்பியில் தட்டு லொடலொடத்தது. விரலால் இப்படியும் அப்படியும் நகர்த்தினோம். பாண்டிராஜ் கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய், "இங்கன, இன்னும் கொஞ்சம், அம்புட்டுத்தான், தொடாதீக" என்றான். நகராமல் இருக்க நடுவில் ஒரு தராசுப் படிக்கல்லை வைத்தேன். சுற்ற விட்டேன். ஊசிக்கை ஆடவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் கொஞ்சம்கூட இல்லை.

"ரிஜிஸ்டர் உக்காந்துருச்சு" என்றான் பாண்டிராஜ். நெற்றி முழுக்க வியர்வை.

"உங்க மொதலாளி பாத்தா மிஷின் போர்மேன் ஆக்கிருவான்லே" என்றார் மாமா.

முதல் பாட்டில் இருந்தே போட்டேன். பல பிள்ளைகள் சேர்ந்து பாடுவது. இதற்கு முன்பு எல்லாரும் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கும். இப்போது வரிசையாக நின்று பாடினார்கள். பாண்டிராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

முதல் பாட்டு முடிந்தது. அப்பளம் பொரிகிற சத்தம் கொஞ்சம் இருந்தது, அதை அரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு ஆர்மோனியம். இழுத்துக் கட்டின கம்பி மாதிரி நேராக வந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இருளம்மாள் முந்தானையை வாயில் இருந்து எடுத்தார்.

*கரிசக் காடு காயுதம்மா, கண்ணத் தொறந்து பாரு தாயே.*

நேராக இருந்தது. பத்து வயசுப் பிள்ளையின் தெளிவான குரல். பாண்டிராஜ், "அக்கா" என்றான். அவளை அப்படிக் கூப்பிட அவனுக்கு அதற்கு முன்பு வாய்த்ததில்லை.

*மளையக் கொண்டு வா தாயே.*

'வா'வில் குரல் உடைந்தது.

சுற்றுக்கு ஒரு தரம் வருகிற ஏற்ற இறக்கம் வேறு. அது எண்ணி வைத்த மாதிரி வரும். இது அப்படி இல்லை. 'வா'வில் உடைந்து, அடுத்த வார்த்தைக்கு முன்பு மூச்சை இழுத்து நிறுத்தி, அதன் பிறகு பாடியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டது. துளை விலகி இருந்தபோது எல்லாமே ஆடியதால் இது அதற்குள் மறைந்து கிடந்திருக்கிறது. இப்போது ஆர்மோனியம் அசையாமல் நின்றது. அதன் பக்கத்தில் பிள்ளை மட்டும் தனியாக அழுதது. ஒவ்வொரு தடவை *மளையக் கொண்டு வா* என்று வரும்போதும் அதே இடத்தில் உடைந்தது. கடைசி அடியைப் பாதி விழுங்கிவிட்டது. வாசிக்கிறவர் கை நடுங்கவில்லை. கடைசி வரை சரியாக வாசித்து முடித்தார்.

ஊசி உள்கோட்டில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. மாமாதான் எழுந்து வந்து எடுத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றான் பாண்டிராஜ். "அராவினது சரியா விழல. அதான் அப்பிடிக் கேக்குது. நாளைக்கு பிரஸ்ஸுக்குக் கொண்டுட்டுப் போயி..."

"ஆர்மோனியம் அழலயேப்பா" என்றார் இருளம்மாள்.

அரம் இன்னும் பாண்டிராஜ் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்காமல் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மாமா இருளம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். "தாயி, சின்னப் புள்ளக ஸ்டுடியோவுக்குள்ள மைக்கப் பாத்து அரண்டு அழுறது உண்டு. மதுர, புது எடம், கண்ணாடி ரூம்பு. அதுக்கும் அழுதுருக்கும்."

"இருக்கும் பாய்." தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் வெள்ளி மினுங்கியது. "கைய இழுத்துக்கிட்டே கார்ல ஏறுனா. நான் அப்பவும் தேச்சுக்கிட்டே இருந்தேன். இன்னொரு தரம் போடுங்க தம்பி."

போட்டேன். இந்தத் தடவை அவர் ஊசிக்கையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தையிடம் எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். குரல் உடைகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் கண்ணிமை மட்டும் அசைந்தது.

முடிந்ததும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வா ராசு, பஸ்ஸு போயிரும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும் தம்பி. எம்புட்டு வேலையச் செஞ்சீக."

"டீ குடிக்கலயே தாயி" என்றார் மாமா.

"அடுத்த வாட்டி பாய்."

இரண்டு பேரும் தெப்பத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள். பாண்டிராஜ் முன்னால் போனான். அவர் பின்னால் போனார். மஞ்சள் பை காலியாகத் தொங்கியது. அவர்கள் போன பிறகுதான் தட்டு மிஷின் மேலேயே இருப்பதைப் பார்த்தேன். படிக்கல்லும் அதன் மேல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் பாண்டிராஜ் பிரஸ்ஸில் இருந்து போன் பண்ணினான். அம்மா வழக்கம்போல முதல் வேனில் யூனிட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னான். தட்டு இங்கே இருக்கிறது, எப்போது வந்து வாங்கிக்கொள்கிறாய் என்று கேட்டேன். 'தெரிஞ்சு போச்சு, இனி அது வேண்டாம்' என்று அம்மா சொல்லிவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டான்.